ஈற்றயல் தீமையும் இருண்ட மாளிகையும்

1817-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களின் இறுதியில் இலண்டன் மாநகரில் ஜேன் ஆஸ்டின் அம்மையாரின் 'நார்த்தாங்கர் அபே' என்னும் நாவல் வெளிவந்தது. அம்மையார் அவ்வாண்டு ஜூலைத் திங்களிலேயே மறைந்துவிட்டார். அந்நூல் கடைக்கு வந்து இரண்டு வாரங்கூட ஆகவில்லை. 1818 ஜனவரி முதல் நாளில் ஆசிரியர் பெயர் இல்லாமல், மூன்று பகுதிகளாக, ஐந்நூறு படிகள் மட்டுமே அச்சிடப்பெற்று, வேறொரு நாவல் அதே நகரில் வெளிவந்தது. அதுதான் மேரி ஷெல்லி அம்மையாரின் 'பிராங்கன்ஸ்டைன்'. முன்னது பேய்மாளிகைக் கதைகளைக் கண்டு நகைத்த நூல். பின்னது பேய்மாளிகைக் கதையின் அச்சத்தைப் பெயர்த்து எடுத்துக்கொண்டுபோய் விஞ்ஞானியின் ஆய்வறையில் வைத்த நூல். சில நாள் இடைவெளியில் பிறந்த இவ்விரண்டு பிள்ளைகளும் வெவ்வேறு வீடுகளில் வளர்ந்தன. ஒன்றின் வழியில் எள்ளல் இலக்கியமும், மற்றொன்றின் வழியில் அறிவியற் புனைகதையும் கிளைத்தன.

அவ்விரண்டையும் ஒரே கூரையின்கீழ் கொண்டுவந்து வைத்த சித்திர நாவல் ஒன்று 2021-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியாயிற்று. 'வில்லோவீப் மாளிகையின் கொடிய நாட்கள்' என்று அதன் பெயரைத் தமிழாக்கலாம். கதை எழுதியவர் ஷானன் கேரிட்டி அம்மையார். படம் வரைந்தவர் கிறிஸ்டபர் பால்ட்வின். இருவரும் இணையத்தில் தொடர் சித்திரக் கதை எழுதிப் பெயர் பெற்றவர்கள். கிறுக்கு விஞ்ஞானிகளைப் பற்றிய 'நார்பானிக்' என்னும் நகைச்சுவைத் தொடரைக் கேரிட்டி 2000 முதல் 2006 வரை நடத்தினார். பால்ட்வின் விண்வெளிக் கதைகளையும் வரைந்தவர். இளம் பருவத்தினருக்கென எழுதப்பெற்ற இந்நூலை இப்பகுதியில் ஆராய எடுத்துக்கொண்டது ஏன் என்று சிலர் கேட்கக்கூடும். படிக்கும் பெண்ணைப் பற்றி இலக்கியம் என்ன நினைக்கிறது என்னும் பழைய வழக்கு ஒன்றில் இந்நூல் ஒரு தீர்ப்பு வழங்குகிறது. அத்தீர்ப்பு சரியானதா என்று பார்ப்பதே நம் நோக்கம்.

கோதிக் கதை என்றால் என்ன என்பதை முதலிற் சுருக்கமாகச் சொல்லிவிட வேண்டும். ஹோரஸ் வால்போல் 1764-இல் வெளியிட்ட 'ஒட்ரான்டோ கோட்டை' இதன் தாய் என்பர். முதற் பதிப்பில் அவர் தம் பெயரை மறைத்து, பழைய இத்தாலிய நூலொன்றின் மொழிபெயர்ப்பு அது என்று பொய் சொன்னார். நூல் நன்றாக விற்றபின் 1765-இல் வந்த இரண்டாம் பதிப்பில் உண்மையை ஒப்புக்கொண்டு, 'ஒரு கோதிக் கதை' என்ற துணைத்தலைப்பையும் சேர்த்தார். அக்கதையின் தொடக்கத்திலேயே மணமகன்மீது எங்கிருந்தோ ஒரு பேருருவத் தலைக்கவசம் விழுந்து அவனை நசுக்கிவிடுகிறது. படிப்பவர் அஞ்சுவதா, சிரிப்பதா? பிறந்த அன்றே இவ்வகைக் கதைக்கு அச்சமும் நகையும் இரட்டைப் பிள்ளைகளாக ஒட்டிக்கொண்டுவிட்டன. பின்னர் ஆன் ராட்கிளிஃப் அம்மையார் 1794-இல் 'உடால்போவின் மர்மங்கள்' என்ற நாவலை நான்கு பகுதிகளாக எழுதி ஐரோப்பா முழுவதையும் நடுங்கவைத்தார். பாழடைந்த கோட்டை, பூட்டிய அறை, துணையற்ற இளம்பெண், முகம் இருண்ட தலைவன், நள்ளிரவு ஓசை ஆகிய எல்லாம் அவர் கையில்தான் நிலைபெற்றன. 'ஜேன் அயர்', 'உதரிங் ஹைட்ஸ்' என்னும் 1847-ஆம் ஆண்டு நாவல்கள் இரண்டும், 1938-இல் வந்த 'ரெபெக்கா'வும் இம்மரபிற் கிளைத்தவையே. 1960-களில் மெல்லட்டைப் பதிப்புகளாக எண்ணற்ற மாளிகைக் காதற்கதைகள் வந்தன. இரவு உடையில் ஒரு பெண் ஓடுவாள். பின்னால் இருண்ட மாளிகையில் ஒரே ஒரு சன்னலில் விளக்கெரியும். பழைய புத்தகக் கடைகளில் அந்த அட்டைகளைப் பார்த்திராதவர் இருக்க முடியாது.

தமிழர்க்கும் இது முற்றிலும் புதிய சரக்கன்று. இலண்டன் மர்மக்கதைகளையும் ஓநாய்மனிதன் கதையையும் எழுதிக் குவித்த ரெய்னால்ட்ஸ் என்னும் ஆங்கில நாவலாசிரியரை நம்மவர் ஒரு காலத்தில் விரும்பிப் படித்தனர். ஆரணி குப்புசாமி முதலியார் அவர் கதைகளைத் தமிழுக்கேற்ப மாற்றி எழுதினார். தனித்தமிழ் இயக்கத்தின் தந்தையாகிய மறைமலையடிகளே அவருடைய நாவல் ஒன்றைத் தழுவிக் 'குமுதவல்லி அல்லது நாகநாட்டரசி'யை 1911-இல் வெளியிட்டார். அடிகளே கைவைத்த துறையை நாம் இழிவென்று ஒதுக்க வேண்டுவதில்லை.

இனிக் கதைக்கு வருவோம். ஹேலி பள்ளி மாணவி. கோதிக் காதற்கதைகள்மீது தீராப் பற்று உடையவள். புயலடிக்கும் ஓர் இரவில் ஆற்றில் ஓர் ஆடவன் மூழ்குவதைக் காண்கிறாள். தான் படித்த கதைகளின் தலைவியாகத் தானும் ஆகவேண்டும் என்ற ஆவல் அவளுக்கு நெடுநாளாக உண்டு. நீரிற் குதிக்கிறாள். கண்விழிக்கும்போது வில்லோவீப் மாளிகையில் இருக்கிறாள். அங்கே முகத்தைச் சுளித்த வீட்டு நிர்வாகி ஒருத்தி. லாரன்ஸ், மான்டேகு, கத்பர்ட் என்னும் மூன்று சகோதரர்கள். போதாக்குறைக்கு ஓர் ஆவி. தான் படித்த புத்தகத்துக்குள்ளேயே விழுந்துவிட்டோம் என்று அவள் எண்ணும்போது உண்மை வெளிப்படுகிறது. வில்லோவீப் ஒரு மாளிகையன்று. அது ஒரு சிறு பிரபஞ்சம். நம் உலகத்தைப் பெருந்தீமை ஒன்று தாக்காதபடி இடையே நின்று தடுக்கும் அரண். மரச்சுவர்களும் மெழுகுவத்திகளும் வெறும் மேலுறை; உள்ளே இருப்பது பொறி. அந்த அரண் இப்போது தளர்ந்துகொண்டிருக்கிறது.

அந்தத் தீமையைப் பற்றி நூலின் அறிமுகவுரை ஒரு வேடிக்கையான சொல்லை ஆள்கிறது. இறுதியான, எல்லாவற்றிலும் பெரிய தீமை என்று சொல்வதுதான் வழக்கம். இங்கோ இறுதிக்கு முந்திய தீமை என்கிறார்கள். இலக்கணம் கற்பித்தவர்க்கு இதைத் தமிழில் சொல்வது எளிது: ஈற்றயல் தீமை! ஈற்றெழுத்துக்கு அயலெழுத்து என்று சொல்லிச் சொல்லிப் பழகிய நமக்கு இந்த நகைச்சுவை ஆங்கிலேயரைக் காட்டிலும் விரைவில் விளங்கும். ஈற்றயலே இப்படியென்றால் ஈறு எப்படியோ என்று எண்ணத் தூண்டும் அச்சொல்லிலேயே நூலின் குணம் முழுதும் அடங்கியிருக்கிறது. பெரிய பேச்சுப் பேசத் தொடங்கி, பேசும்போதே ஒரு படி கீழிறங்கி நின்று சிரிக்கும் குணம் அது.

இப்போது நம் கையில் உள்ள கருவியை எடுத்துப் பார்க்கலாம். தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டு என்று வகுத்து, ஒவ்வொன்றும் எவ்வெவற்றிலிருந்து பிறக்கும் என்றும் கூறினார். அச்சம் பிறப்பது நான்கினால்: அணங்கு, விலங்கு, கள்வர், இறை. நகை பிறப்பதும் நான்கினால்: எள்ளல், இளமை, பேதைமை, மடன். கோதிக் கதை எதையும் கண்டறியாத ஆசிரியர் வகுத்த இந்த நான்கும் கோதிக் கதைக்கு அளந்து தைத்த சட்டைபோலப் பொருந்துவதைக் காணும்போது வியப்பே மேலிடுகிறது. அணங்குக்குக் குறைவே இல்லை. 'ஒட்ரான்டோ'வில் சிலையின் மூக்கிலிருந்து குருதி வழிகிறது. விலங்கு சற்றுக் குறைவு. என்றாலும் மாலை மங்கலில் ஓடிவரும் நாயைக் கண்டு ஜேன் அயர் அதனைப் பேய்விலங்கோ என்று ஐயுறுகிறாள். கள்வர் 'உடால்போ'வில் கூட்டங்கூட்டமாகத் திரிகிறார்கள். நான்காவதாகிய இறை என்பதற்குத் தந்தையரும் ஆசிரியரும் அரசரும் முதலானோர் என்று பேராசிரியர் பொருள் விரிப்பார். (ஆசிரியர்களும் அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள் என்பதை என் உடன்பணியாளர்கள் கவனிக்க.) ஒருவன்மேல் அதிகாரம் உடையவன் எவனோ அவனே இறை. இறந்த மகனுக்கு நிச்சயித்த பெண்ணைத் தானே மணக்கத் துணியும் ஒட்ரான்டோவின் மான்பிரெட், மனைவியின் சொத்தைப் பறிக்க அவளைக் கோட்டையில் அடைத்துவைக்கும் மொன்டோனி ஆகிய இவர்களே கோதிக் கதையின் உயிர்நிலை. பேய் வந்துபோகும், தலைவன் வீட்டிலேயே இருப்பான்.

இந்த நான்காவது அச்சத்தை ஆஸ்டின் அம்மையார் எப்படிக் கையாண்டார் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்க வேண்டும். அதை அறியாமல் வில்லோவீப்பை நிறுத்துப் பார்க்க இயலாது.

'நார்த்தாங்கர் அபே'யின் தலைவி கேத்தரின் பதினேழு வயதுப் பெண். கிராமத்துப் பாதிரியாரின் மகள். பாத் நகரில் தோழி ஒருத்தியின் தூண்டுதலால் 'உடால்போ'வைப் படித்து மயங்கிவிடுகிறாள். பிறகு ஜெனரல் டில்னி என்பவரின் பழைய மடாலய மாளிகைக்கு விருந்தாளியாகச் செல்கிறாள். வழியிலேயே அவருடைய மகன் ஹென்றி, கோதிக் கதைகளைப் போலவே ஒரு கதை கட்டிச் சொல்லி அவளைக் கேலி செய்கிறான். அவளோ அதையும் பாதி நம்புகிறாள். அறையில் இருந்த பெட்டியைப் பேராவலோடு திறக்கிறாள். உள்ளே மடித்துவைத்த வெண்பருத்தி விரிப்பு. புயலிரவில் கருநிற அலமாரியில் ஒரு கையெழுத்துச் சுருள் கிடைக்கிறது. விடிந்ததும் பார்த்தால் அது சலவைக் கணக்கு. மடன் என்பது பிறர் சொன்னதைப் பற்றிக்கொண்டு, பற்றியதை விடாமை என்று உரையாசிரியர் விளக்குவர். கேத்தரினுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது.

ஆனால் அம்மையார் அங்கே நிற்கவில்லை. ஜெனரல் தம் மனைவியைக் கொன்றிருப்பார், அல்லது அடைத்துவைத்திருப்பார் என்று ஐயுற்றுக் கேத்தரின் அந்த அம்மையின் அறைக்குள் நுழைந்து பார்க்கிறாள். வெளியே வரும்போது ஹென்றி கண்டுவிடுகிறான், கடிந்துகொள்கிறான், அவள் வெட்கி அழுகிறாள். நாவல் படித்து மதிகெட்ட பெண்ணுக்கு நல்ல பாடம் என்று வாசகர் புத்தகத்தை மூடப்போகும் நேரத்தில்தான் அம்மையார் தம் உண்மையான அம்பை எடுக்கிறார். கேத்தரின் பெருஞ்செல்வத்துக்கு உரியவள் என்று நம்பியே ஜெனரல் அவளை வரவழைத்திருந்தார். அப்படி இல்லை என்று அறிந்ததும், ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில், துணைக்கு ஒரு வேலையாளும் இன்றி, எழுபது மைல் தொலைவிலுள்ள தன் வீட்டுக்கு அவளைத் தனியே அனுப்பிவிடுகிறார். கையிற் பணம் இருக்கிறதா என்றுகூட அவர் கேட்கவில்லை. மகள் எலினார் கொடுத்த பணத்தால் அவள் வீடுபோய்ச் சேர்ந்தாள். ஜெனரலைக் கொலைகாரர் என்று எண்ணியபோதும் அவருடைய குணத்துக்குத் தான் பெரிய அநியாயம் ஒன்றும் செய்துவிடவில்லை என்று கேத்தரின் பின்னர் உணர்ந்ததாக ஆசிரியையே எழுதுகிறார்.

இதுதான் எள்ளலின் உச்சம். அணங்கு பொய், கள்வர் பொய் என்று ஒவ்வொன்றாக ஊதி அணைத்துவிட்டு, எஞ்சி நிற்கும் நான்காவதை நோக்கி விரல் நீட்டுகிறார் அம்மையார். இறை என்னும் அச்சம் மட்டும் உண்மையானது. கேத்தரின் தவறான புத்தகங்களைப் படித்தாள் என்பதும் மெய். அப்புத்தகங்கள் அவளை வழியோடு கொஞ்சதூரம் கொண்டுபோய் விட்டன என்பதும் மெய். அந்த நாவலிலேயே நாவல் படிப்பவரை இழித்துப் பேசும் நாவலாசிரியர்களை அம்மையார் வெளிப்படையாகக் கண்டித்திருக்கிறார் என்பதையும் இங்கே நினைவிற் கொள்ள வேண்டும்.

இனி வில்லோவீப். படிக்கும் பெண்ணை இந்நூல் எங்கும் வெட்கப்படுத்தவில்லை. இது இருநூறு ஆண்டுக் காலத்தில் நேர்ந்த பெரிய மாற்றம். கேத்தரின் தான் படித்தவற்றை மறந்தால்தான் வாழ்க்கை விளங்கும். ஹேலிக்கோ தான் படித்தவையே வழிகாட்டி. மாளிகையைக் கண்டவுடன் அதன் இலக்கணம் அவளுக்குத் தெரிகிறது. இன்னொன்றும் உண்டு. பழைய கதைகளில் நீரில் விழுவதும் மயங்குவதும் தலைவியின் வேலை. தூக்கிச் செல்வது ஆடவன் வேலை. இங்கே மூழ்குபவன் ஆடவன்; குதிப்பவள் பெண். இவ்வொரு செயலால் கதை முழுவதும் தலைகீழாகிவிடுகிறது. எள்ளல் இருவகைப்படும் என்பார் பேராசிரியர்: தான் பிறரை எள்ளி நகுதல் ஒன்று, பிறரால் எள்ளப்பட்டவிடத்துத் தான் நகுதல் மற்றொன்று. கேரிட்டி அம்மையாரின் எள்ளல் இரண்டாம் வகை. கோதிக் கதையைத் தம் வீடாகக் கொண்டவர், அந்த வீட்டின் ஓட்டைகளைத் தாமே காட்டிச் சிரிக்கிறார். அயலார் சிரிப்பில் இருக்கும் கசப்பு இதில் இல்லை. இதனாலேயே நூல் முழுதும் ஒரு நல்ல மனம் பரவியிருக்கிறது.

அறிவியலைக் கொண்டுவந்து சேர்த்ததும் வெறும் புதுமைக்காக அன்று. ராட்கிளிஃப் அம்மையார் தம் கதைகளில் பேய் என்று காட்டியவற்றுக்கெல்லாம் முடிவில் இயற்கையான காரணம் ஒன்று சொல்லிவிடுவார். 'சந்திரமுகி' படத்தைப் பார்த்தவர்களுக்கு இம்முறை நன்றாகத் தெரியும். பூட்டிய அறை, சலங்கை ஒலி, நடுக்கம் எல்லாம் வந்தபின் மருத்துவர் வந்து அது மனநோய் என்று விளக்குவார். அவ்விளக்கம் வந்த பின்னும் பாட்டியும் பேரனும் அந்த அறையைப் பற்றித்தான் பேசுவார்கள் என்பது வேறு செய்தி. வில்லோவீப்பில் விளக்கம் சொல்லும் பொறுப்பை விஞ்ஞானம் ஏற்கிறது. மேரி ஷெல்லியின் நாயகன் தன் உயிரை உருவாக்கிய இடத்தையும் நினைத்துப் பாருங்கள்: வீட்டின் உச்சியில், மற்ற அறைகளிலிருந்து படிக்கட்டும் நடைகூடமும் பிரித்து நிறுத்திய தனியறை. அது கோதிக் மாளிகையின் மாடியறையேயன்றி வேறென்ன? பிரையன் ஆல்டிஸ் என்னும் ஆங்கில எழுத்தாளர் 1973-இல் வெளியிட்ட வரலாற்று நூலில், அறிவியற் புனைகதை 'பிராங்கன்ஸ்டைனி'லிருந்தே தொடங்குகிறது என்றும், அதன் வார்ப்பு கோதிக் வார்ப்பே என்றும் வாதிட்டார். ஆகவே சுவருக்குப் பின்னால் பொறி இருக்கிறது என்று கேரிட்டி காட்டும்போது இரண்டு அந்நியரை வலிந்து மணம்முடிக்கவில்லை. பிரிந்துபோன உறவினரைப் பந்தியில் பக்கத்தில் உட்காரவைத்திருக்கிறார்.

இவ்வளவும் பாராட்டு. குறையும் சொல்ல வேண்டும்.

இந்நூலில் இறை இல்லை. மூன்று சகோதரர்களும் முகம் இருண்டவர்களாகத்தான் தோன்றுகிறார்கள். ஆனால் தீமையின் ஊற்று அவர்களிடத்தில் இல்லை. அது வெளியே, நம் உலகத்துக்கும் அப்பால் இருக்கிறது. வீட்டுக்குள் இருப்பவர்கள் எல்லாரும் ஏறக்குறைய ஒரே பக்கம். ஆஸ்டின் மூன்று அச்சங்களை அணைத்து நான்காவதை ஏற்றினார்; கேரிட்டி நான்கையும் அணைத்துவிட்டு ஐந்தாவதாக ஒன்றை விண்வெளியிலிருந்து வரவழைத்தார். அதுவும் ஈற்றயல்! உலகத்தையே விழுங்க வரும் தீமையைக் கண்டு நாம் அவ்வளவாக அஞ்சுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டை விட்டுப் போ என்று சொல்லக்கூடிய ஒருவரைக் கண்டுதான் அஞ்சுகிறோம். முதலாவது பெரிய அழிவு, இரண்டாவது சிறிய அவமானம். ஆயினும் மனித உள்ளத்தின் அளவுகோல் வேறுவிதமாக இருக்கிறது.

நம் நாட்டு ரப்பர்த் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு இதை நீட்டி விளக்க வேண்டுவதில்லை. மேட்டின்மேல் துரை பங்களா, பள்ளத்தில் லயங்கள். பங்களாவைப் பற்றி ஆவிக்கதை சொல்லாத பெரியவர் முன்பு ஒருவரும் இல்லை. இருந்தாலும் அந்தக் கதைகளை நாம் சிரித்துக்கொண்டேதான் கேட்டோம். சிரிக்காமல் சொல்லப்பட்ட கதைகள் துரையைப் பற்றியவை. பேயை ஓட்ட வேப்பிலை இருந்தது. பெயர் வெட்டப்பட்டு மூட்டையோடு தோட்டத்தை விட்டுப் போனவனுக்கு எந்த இலையும் உதவவில்லை.

இந்தக் கண்ணோடு ஆங்கில மாளிகைகளைப் பார்த்தால் வேறொரு செய்தியும் தெரியும். 'ஜேன் அயரி'ல் மாடியறையில் அடைபட்ட பெண் யார்? ஜமேக்காத் தீவின் ஸ்பானிஷ் டவுனிலிருந்து முப்பதாயிரம் பவுன் சீதனத்தோடு வந்தவள். அடிமைகளின் உழைப்பால் செழித்த கரும்புத் தோட்டங்களின் தீவு அது. மாளிகையின் இருட்டு அந்தப் பணத்திலும் கொஞ்சம் இருக்கிறது. ஜீன் ரிஸ் அம்மையார் 1966-இல் அந்த அடைபட்ட பெண்ணின் பக்கத்திலிருந்து கதையைத் திருப்பிச் சொன்னபோது ஆங்கில இலக்கிய உலகம் விழித்துக்கொண்டது. அதற்கு ஐம்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் எழுதப்பெற்ற ஓர் எள்ளல் நூல், மாளிகையின் மெழுகுவத்தியையும் சுளித்த முகத்தையும் கேலி செய்கிறது. இந்த மாளிகைக்குச் சோறு போடுபவன் யார் என்ற கேள்விக்கு இடமே வைக்கவில்லை. மாளிகை ஒரு பொறியின் மேலுறை என்று ஆனபின் உழுபவனும் குத்தகைக் கணக்கும் தேவையற்றுப்போகின்றன. விஞ்ஞானத்தைக் கொண்டுவந்ததால் கதைக்குக் கிடைத்த வசதி இது, நட்டமும் இதுவே. நகைச்சுவை நூலிடம் இதையெல்லாம் கேட்கலாமா என்பர். ஆஸ்டினும் நகைச்சுவைதான் எழுதினார்.

படங்களைப் பற்றி ஒரு சொல். பால்ட்வினின் கோடுகள் தெளிவானவை. முகங்களில் நகைப்பு எளிதில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஆனால் அச்சம் என்பது காணாத பொருளில் வாழ்வது. 'உடால்போ'வில் எமிலி ஒரு கருந்திரையை விலக்கிப் பார்த்து மயங்கி விழுகிறாள். எதைப் பார்த்தாள் என்று கதை முடியும் தறுவாய் வரையில் வாசகனுக்குச் சொல்லப்படுவதில்லை. (கடைசியில் அது மெழுகுப் பொம்மை.) எழுத்தாளர் சொல்லாமல் விடலாம், ஓவியர் எதையாவது வரைந்தாக வேண்டும். இதைத் தாண்டிய ஓவியர்களும் உண்டு. பால்ட்வின் தாண்ட முயலவில்லை. அவருடைய நூலுக்கு அது தேவையுமில்லை. நகைக்கு வேண்டிய விரைவு அவரிடம் நிறைய இருக்கிறது.

சித்திரக் கதை என்றாலே முகஞ்சுளிக்கும் ஆசிரியர்கள் இன்றும் இருக்கிறார்கள். அந்தச் சுளிப்புக்கும் ஒரு வரலாறு உண்டு. 1954-இல் பிரெட்ரிக் வெர்தாம் என்னும் மனநல மருத்துவர் அமெரிக்காவில் ஒரு நூல் எழுதி, சித்திரக் கதைகள் சிறுவரைக் குற்றத்துக்குத் தூண்டுகின்றன என்று குற்றஞ்சாட்டினார். மறு ஆண்டு பிரிட்டனில் சிறுவர்க்குத் தீங்கான வெளியீடுகளுக்கு எதிராகச் சட்டமே இயற்றினார்கள். அச்சட்டத்தின் குறி அச்சமூட்டும் சித்திரக் கதைகள்தாம். ஆஸ்டின் காலத்தில் நாவல்மீது சுமத்திய பழியை அவர்கள் அப்படியே தூக்கிச் சித்திரக் கதைமீது வைத்தார்கள். இன்று நாவலைக் காணோமே என்று ஏங்குகிறோம். கைப்பேசியைக் குறை சொல்கிறோம்.

ஒரு தடை மட்டும் மெய்யானது. எள்ளல் நூலை இரசிக்க எள்ளப்படும் நூலும் தெரிந்திருக்க வேண்டும். 'ஜேன் அயரை'க் காணாத பிள்ளைக்கு வில்லோவீப்பின் வீட்டு நிர்வாகியைக் கண்டு ஏன் சிரிக்க வேண்டும் என்று தெரியாமற் போகலாம். நம் பிள்ளைகளைப் பொறுத்தவரை நான் அவ்வளவு கவலைப்படவில்லை. பேய்மாளிகையின் இலக்கணத்தைத் தமிழ்த் திரைப்படம் அவர்களுக்கு முன்னமே கற்பித்துவிட்டது, பெயர்கள்தாம் புதியவை. ஆங்கில நடையும் கடினமில்லை.

இடைநிலைப்பள்ளி நூலகப் பொறுப்பாளர்கள் இந்நூலை வாங்கி வைக்கலாம். இரண்டாம் படிவத்துப் பெண்ணொருத்தி ஒரே மாலையில் படித்து முடிப்பாள்; மறுநாள் இன்னொருத்திக்குக் கொடுப்பாள். ஐந்தாம் படிவத்தில் அவள் கையில் 'நார்த்தாங்கர் அபே'யைக் கொடுத்துப் பாருங்கள். தொடக்கத்து அத்தியாயங்கள் மெல்ல நகரும். அங்கே கொஞ்சம் துணையிருக்க வேண்டும். கருநிற அலமாரி வரும்போது ஹேலியை நினைத்துக்கொண்டு தானே சிரிப்பாள். சலவைக் கணக்கு வரும்போது இன்னும் உரக்கச் சிரிப்பாள். எழுபது மைல் வரும்போது சிரிப்பு நின்றுவிடும். அந்த இடத்தில் ஆசிரியர் எதுவும் விளக்காமல் இருந்தால் போதும்.